எண்ணிக்கையும் எடையும்

ஒரு வசதியை வைத்துக்கொள்வதா, குறைப்பதா என்னும் வினா எழும்போது, அதன் நன்மையை ஓர் எண்ணும் தீமையை வேறோர் எண்ணும் காட்டுமாயின், எதைக் கொண்டு முடிவு செய்வது? வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அப்படியே பிறருக்கு ஃபார்வர்டு செய்யும் வசதியை முன்வைத்து இதனைச் சிந்திப்போம்.

2015 டிசம்பர் பெருமழையில் முடிச்சூர், வரதராசபுரம் முதலிய தாம்பரம் புறநகர்ப் பகுதிகள் நீரில் மூழ்கின. படகு எங்கே, உணவு எங்கே என்னும் செய்திகள் இவ்வழியே பரவிப் பலருக்கு உதவின. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் உலவுகின்றனர் என்னும் பொய்யும் இதே வழியில் பரவியது. நம் திருமலைக்கு அணித்தான போளூரை அடுத்த அத்திமூரில், சென்னையிலிருந்து குலதெய்வ வழிபாட்டுக்குச் சென்ற 65 வயது மூதாட்டி ஒருவர், சிறுவர்க்கு இனிப்பு கொடுத்ததைக் கண்டு ஐயுற்ற கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டார்.

இத்தகைய கொலைகள் நாட்டின் பிற இடங்களிலும் நிகழவே, அந்நிறுவனம் 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கோ ஐந்து குழுக்களுக்கோ மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பிட்டது. 2019 ஜனவரியில் அவ்வரம்பு உலகெங்கும் வந்தது. ஃபார்வர்டுகள் 25 விழுக்காடு குறைந்தன என்று நிறுவனம் அறிவித்தது. 2020 ஏப்ரலில், ஐந்து முறையோ அதற்கு மேலோ கைமாறி வந்த செய்தியை ஒரு வேளைக்கு ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்றாயிற்று. அத்தகையவை 70 விழுக்காடு குறைந்தன என்றனர்.

குறைந்தவற்றுள் பொய் எத்தனை, பயனுள்ளவை எத்தனை? நிறுவனமும் அறியாது. செய்திகள் பூட்டப்பட்டே செல்வதால், அவற்றை எண்ண இயலுமே அன்றிப் படிக்க இயலாது. ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு நாம் சொல்லிவந்ததும் இதுவே: தேர்ச்சி விழுக்காடு வகுப்பைப் பற்றிச் சொல்லும், ஒரு குழந்தை ஏன் வாய்திறவாது அமர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லாது.

ஒவ்வோர் எண்ணும் ஒரு நயம். ஒரு நயத்தையே முழு உண்மையெனக் கொள்வது ஏகாந்தம். ஆயினும் அநேகாந்தம் என்பது முடிவெடுக்காமல் நழுவும் வழியன்று; எல்லாப் பக்கமும் கண்டபின் எடையிட்டுத் தேர்தலே அது. வரம்பினால் வெள்ளச் செய்தி சற்றுத் தாமதமாகலாம். அத்தாமதத்தை மீண்டும் மீண்டும் அனுப்பி ஒருவாறு ஈடு செய்யலாம். போன உயிரை எதனாலும் ஈடு செய்ய இயலாது. ஈடு செய்யக்கூடிய இழப்பையும் ஈடு செய்ய இயலாத இழப்பையும் ஒரே தராசில் எண்ணிக்கையால் நிறுத்தல் தகாது. ஆதலின் வசதியை முற்றும் நீக்காமல் வரம்பிட்டது தக்கதே என்பது நம் துணிபு.

எனினும் வரம்பு மட்டும் போதாது. அக்காலத்தில் ஒரு குழுவில் 256 பேர் வரை இருக்கலாம். ஐந்து குழுக்களுக்கு அனுப்பினாலே ஆயிரத்தைக் கடந்துவிடும். நிறுவனம் படிக்க இயலாததைப் படிக்கக்கூடியவர் அனுப்புகின்றவர் ஒருவரே. கொல்லாமையைக் கைக்கொண்ட நம் இல்லங்களில் விளக்கு வைத்தபின் உண்ணாமை எத்துணை இயல்போ, மெய்யென்று தெளியாத சொல்லை விரலாலும் கடத்தாமை அத்துணை இயல்பாதல் வேண்டும். பெரியோர் முதலில் கைக்கொண்டால் பேரப்பிள்ளைகள் தாமே கற்பர்.