மறைத்து விற்ற பழுது



2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் சென்னைப் பட்டணத்தில் வந்த பெருவெள்ளத்தில் அநேகம் கார்கள் முழுகிப்போயின. அவற்றில் பலவற்றை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏலத்தில் விட்டன. "உள்ளது உள்ளபடி" என்பது ஏல நிபந்தனை. பழுதுண்டென்று தெரிந்தே குறைந்த விலைக்கு எடுத்துச் செப்பனிட்டு ஓட்டுவதில் குற்றமில்லை.

ஆனால், வெள்ளம் கண்ட வண்டியின் நோய் வெளியே தெரியாது. மேலே பளபளப்பு, கால்விரிப்பைத் தூக்கினால் துரு. சீட் பெல்ட்டை முழுதும் இழுத்தால் அடியிலே சேற்றுக்கறை. வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூத்து மாதக்கணக்காய் அரிக்கும். ஒருநாள் வண்டி நடுரோட்டில் நின்றுபோகும். விபத்து வேளையில் காற்றுப்பை விரியாமலும் போகலாம்.

இதை அறிந்தும், வாசனைத் தைலம் தெளித்து, "நல்ல வண்டி" என்று அயலான் தலையில் கட்டலாமா? நஷ்டமோ ஆபத்தோ விளைவிக்கும் மறைவான குறையை விற்பவன் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் விற்றால் நஷ்டத்தை ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்று 13-ம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதித்தார். ஒற்றைக்கண் குதிரையின் குறையை எவனும் காண்பான். நொண்டிக் குதிரையை ஓட்டக் குதிரையென்று விற்பதோ வஞ்சகம்.

இது தேவ கற்பனைகளில் ஏழாவதற்கு விரோதம். உயிருக்கு ஆபத்தென்றால் ஐந்தாவதற்கும் விரோதம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டால் மட்டும் கணக்குத் தீராது; உத்தரிப்பும் வேண்டும். அப்படி விற்றவர் இருந்தால், தாமதியாமல் வாங்கினவர் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கள். பழுது பார்த்துக் கொடுங்கள், அல்லது பணத்தைத் திருப்புங்கள். அவர் தம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவது அந்த வண்டியில்தான்.