அப்பாவுக்கு எந்த மை?

வெயிலில் ஒட்டிய சினிமா போஸ்டரைக் கவனித்திருப்பீர்கள். சில மாதங்களில் கதாநாயகி நீலமாகிவிடுவார். மஞ்சளும் சிவப்பும் முதலில் கிளம்பிவிடும். நீலமும் கறுப்பும்தான் கடைசி வரை நிற்கும். போஸ்டருக்கு இது போதும். படமே மூன்று வாரம்தானே!

வாசல்நிலைக்கு மேலே ஜீரோ வாட் பல்பும் மாலையுமாகத் தொங்குகிற அப்பா படத்துக்கு?

நாமக்கல்லில் எனக்குப் பழக்கமான ஸ்டூடியோக்காரர் ஒருவர் இருக்கிறார். (முக வியாபாரம் அந்த ஊருக்குப் புதிதில்லை. நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை கவிஞராகப் பேர் வாங்குவதற்கு முன்னால் உருவப்படம் வரைகிற ஓவியர்.) கல்யாண குரூப் போட்டோவின் ஓரத்தில் பாதி மறைந்து நிற்கிற தலையைக் கொண்டுவந்து இவரிடம் நீட்டுவார்கள். ஸ்கேன் செய்து, கீறல் துடைத்து, பெரிதாக்கி, கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போட்டுத் தருவார்.

"கறுப்பு வெள்ளைதானே, கறுப்பு மை ஒண்ணு போதாதா?" என்று கேட்டேன்.

"அங்கதானுங்க இருக்குது சூட்சுமம்" என்றார்.

சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரிடம் சாம்பல் நிறம் கிடையாது. கறுப்பை மட்டும் வைத்து அடித்தால் கன்னத்தில் பொரிப்பொரியாகப் புள்ளி தெரியும். அதனால் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பல் மாதிரி ஒன்றைக் காட்டும். மூன்றும் ஒரே வேகத்தில் வெளுத்தால் பரவாயில்லை. வெளுக்காதே! சிவப்பு முந்திக்கொண்டால் முகம் பச்சை. நீலம் முந்தினால் ஆரஞ்சு.

மையிலும் இரண்டு ரகம். 'டை' மை, தண்ணீரில் சர்க்கரை மாதிரி கரைந்து கிடப்பது. பளபளப்புக் காகிதத்தில் முதல் நாள் ஜோராக இருக்கும், விலையும் குறைவு. வெளிச்சமும் காற்றும் சீக்கிரம் தின்றுவிடும். 'பிக்மென்ட்' மை, தண்ணீரில் மஞ்சள் தூளைக் கலக்கின மாதிரி. துகள் துகளாக இருப்பதால் மேலே கொஞ்சம் போனாலும் உள்ளே மிச்சமிருக்கும். ஓட்டாமல் சும்மா போட்டுவைத்தால் பிரிண்டரின் துளையை அடைத்துக்கொள்வது இதன் கெட்ட குணம்.

கறுப்பையே திக்காக, நீர்க்க என்று பல பக்குவத்தில் கரைத்து, கலர் மை இருக்க வேண்டிய இடங்களில் ஊற்றுகிற வித்தையும் உண்டு. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து ஜான் கோன் என்பவர் 2000 வாக்கில் 'பியஸோகிராஃபி' என்று இதைப் பிரபலப்படுத்தினார். 2005-ல் எப்சன் கம்பெனியும் மூன்று கறுப்புகள் கொண்ட மை வரிசையைக் கொண்டுவந்தது. இருப்பதில் கெட்டியாக நிற்பது சுத்தக் கரி. ஓலைச்சுவடியில் எழுத்து தெரிவதற்காக விளக்குக்கரியைத் தடவினார்களே, அதே சரக்குதான்! ஆனால் வெறும் கரி லேசாகப் பழுப்படிக்கும். 'நல்ல கறுப்பா வேணும்' என்று நாம் அடம்பிடிப்பதால் கொஞ்சம் கலர் சேர்க்கிறார்கள். முதலில் ஓடப்போவது அந்தக் கலப்புதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2012-ல் இவர் போட்டுக் கொடுத்த ஒரு படம் 2021-ல் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் லாரி பாடி பட்டறையில் வேலை பார்ப்பவர். படத்தில் அவருடைய அப்பா முகம் பாசி படிந்தது போல் பச்சையாகியிருந்தது. எதைப் பார்த்துப் பெரிதாக்கினார்களோ அந்த 1960-களின் வெள்ளி உப்புப் படம், பீரோவுக்குள் அப்படியே இருக்கிறதாம்.

"அவரு சண்டை போட்டிருந்தா பரவாயில்லீங்க. 'எங்க வீட்டுச் சுவத்துல ஓதமுங்க, அதான் கெட்டுப்போச்சாட்ட இருக்குது'ன்னு அவரு மேலயே பழியைப் போட்டுக்கிட்டாரு. நான் வாயே திறக்கலை."

மலிவு மையில் போட்டுக் கொடுத்தது தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுத்த காசுக்கு அந்த மைதான் கட்டும். ஆனால் காசு கொடுத்தவருக்கு, தான் எதை வாங்குகிறோம் என்று தெரியாது. முதல் நாள் பார்த்தால் இரண்டு மையும் ஒன்றுதான். வித்தியாசத்தைப் பார்க்கப் போகிற ஆள், பேரனோ பேத்தியோ, அன்றைக்குக் கடையிலேயே இல்லை. எதிரில் இல்லாத ஆளிடமும் நாணயமாக இருக்க வேண்டுமா என்று கேட்டால் நீங்களும் நானும் 'ஆமாம்' என்றுதான் சொல்வோம். பில் போடும்போது ஞாபகம் வருமா?

'எனக்கப்புறம் யாரு பாக்கப் போறா?' என்று கேட்கிறவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. தர்ப்பணத்திலேயே மூன்று தலைமுறைக்குத்தான் பேர் சொல்கிறோம்.

இன்னொன்று. 'நூறு வருஷம் நிற்கும்' என்று டப்பாவில் போடுகிறார்களே, அந்த நூறு வருஷத்தை யாரும் பார்த்ததில்லை. கடும் வெளிச்சத்தில் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்து, கணக்குப் போட்டுச் சொல்வது. 2000-ல் அப்படி ஆயுள் சொல்லி விற்ற ஒரு மை, சிலர் வீடுகளில் சில வாரங்களிலேயே ஆரஞ்சாகிப்போனது. காற்றிலிருந்த ஓசோன் செய்த வேலை. சோதித்தவர்கள் வெளிச்சத்தைத்தான் பார்த்திருந்தார்கள்; காற்றை யோசிக்கவில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நம்மவர் இப்போது, "இதை யாரு, எத்தனை நாளைக்குங்க பாக்கணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் விலை சொல்கிறார். பாதிப் பேர், 'மலிவுலயே போடுங்க' என்கிறார்களாம். போட்டுத் தருகிறார். எந்த மை, எந்த வருஷம் என்று படத்துக்குப் பின்னால் பென்சிலால் எழுதியும் வைக்கிறார்.

பட்டறைக்காரருக்குக் கரி மையில் வேறு படம் போட்டு, கண்ணாடி மாட்டி, காசு வாங்காமல் கொடுத்துவிட்டார். "நிஜத்தைச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லீங்க. அவரு அந்தச் சுவத்தைக் கொத்திட்டு, புதுசா சிமென்ட் பூசிட்டாருங்க" என்றார்.