மாலையும் புத்தகமும்

பலனை எதிர்பாராமல் உழைக்கச் சொல்லித் தொழிலாளிக்குக் கீதையை எடுத்துக்காட்டுகிறார்கள். நான் உட்கார்ந்திருந்த ஒரு பயிற்சி வகுப்பிலும், வெளியிலிருந்து வந்த பேச்சாளர் அதையே சொன்னார். கேள்விக்கு நேரமில்லை என்று வகுப்பை முடித்துவிட்டார்கள். கீதையில் கேள்விக்குத் தடை இல்லை. கர்மயோகத்தைச் சொல்லும் மூன்றாம் அத்தியாயமே அர்ச்சுனனின் ஆட்சேபத்தில்தான் தொடங்குகிறது. அறிவு பெரிதென்றால் இந்தக் கொடிய செயலில் என்னை ஏன் தள்ளுகிறாய் என்று நேருக்கு நேர் கேட்கிறான். பதினெட்டாம் அத்தியாயத்திலும் கேள்வி ஓயவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு, நன்றாக ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்கிறான் கண்ணன். ஏன் என்று கேட்க விடாதவருக்கு அந்த உபதேசத்தைச் சொல்லும் தகுதி ஏது?

நெமிலியிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் ராணிப்பேட்டைக்குப் போகிறேன். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கப் புதுப் பெண்களைப் பழக்குவது என் வேலை. முதலில் நூலில்லாமல் கோடு போட்ட காகிதத்தில் ஓட்டச் சொல்வோம், பிறகு கழிவுத் துண்டில். துணியென்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் விழுந்த ஊசித்துளை மூடாது. முதுகுப் பக்கத் தோல் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். இதைச் சொல்லிக் கொடுத்தால் அந்தப் பெண்ணின் விரல் துண்டைத் தொட்டதுமே அடையாளம் கண்டுகொள்ளும். சொல்லாவிட்டால் எல்லாத் துண்டையும் ஒரே மாதிரி இழுத்துத் தைத்து, சுருக்கம் விழுந்ததற்குத் திட்டு வாங்குவாள்.

தோல் பதனிடும் ஷாப்பில் காரணத்தைச் சொல்லித் தருவது உயிர்ப் பிரச்சினை. முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தக் கழிவுநீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டதென்று நம்பித் தொட்டிக்குள் இறங்குகிறவர் திரும்பி வருவதில்லை. அவரைத் தூக்க இறங்குகிறவருக்கும் அதே கதிதான். இறங்காதே என்ற பலகை மட்டும் போதாது. காரணம் தெரிந்தவர்தான் மேஸ்திரி அதட்டினாலும் மறுத்து நிற்பார்.

எங்கள் ஊர் நெமிலியின் பாலா பீடத்தில் அம்மன் பாலா சின்னஞ்சிறு உருவம், குழந்தை. பாலாவின் தியான சுலோகத்தில் ஒரு கையில் ஜபமாலை, ஒரு கையில் புத்தகம். மாலை, திரும்பத் திரும்பச் செய்வதற்கு. புத்தகம், அறிந்து செய்வதற்கு. கம்பெனிகள் மாலையை மட்டும் தொழிலாளி கையில் கொடுக்கின்றன. ஒரே ஆபரேஷனை ஆண்டுக்கணக்கில் தைப்பவளுக்கு முழு ஷூ எப்படி உருவாகிறது என்று யாரும் காட்டுவதில்லை. எல்லாம் தெரிந்தால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவாள் என்கிறார்கள். போகட்டுமே! வித்தையைத் தானமென்று சொல்லிவிட்டு, வாங்கியவள் காலைக் கட்டிப்போடுவது என்ன தர்மம்?

அடுத்த மாதம் புது பேட்ச் வருகிறது. தினம் அரைமணி நேரம் கேள்விக்கென்று ஒதுக்கித் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஷிப்ட்டுக்குள், சம்பளத்தோடு வேண்டும் என்று மறுபடியும் எழுதியிருக்கிறேன்.