மூத்த பூனையின் மறுப்பும் மனிதரின் கடமையும்

பல ஆண்டுகளாகத் தனியே வளர்ந்த பூனை இருக்கும் வீட்டில் புதிய குட்டியைக் கொண்டுவந்து சேர்க்கும்போது எழும் சிக்கல் பெரும்பாலும் பழக்கும் முறை பற்றியதாகவே பார்க்கப்படுகிறது. ஆயினும் சரியான செயல் எது என்று ஆராயும் மெய்யியல் பிரிவாகிய அறவியல் விடை சொல்லவேண்டிய கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது. வாய்ச்சொல்லால் இசைவு தர இயலாத ஓர் உயிரின் வாழ்விடத்தை அதைக் கேளாமலே மாற்றிவிட்ட மனிதர், அதன்பின் அவ்வுயிருக்கு எதைக் கடன்பட்டிருக்கிறார் என்பதே அக்கேள்வி.

விலங்குகளிடம் மனிதருக்கு நேரடிக் கடமை ஏதுமில்லை என்றும், அவற்றை வதைத்துப் பழகியவர் மனிதரிடமும் கொடியவராகிவிடுவார் என்பதாலேயே அவற்றிடம் பரிவு வேண்டும் என்றும் 18ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் கருதினார். அவர் வழியில் நோக்கினால் மூத்த பூனையின் சீற்றம் வளர்ப்பவர் பொறுத்துக்கொள்ளவேண்டிய தொல்லையாக மட்டுமே எஞ்சும். சூ டொனால்ட்சனும் வில் கிம்லிக்காவும் 2011இல் வெளியிட்ட ‘ஸூபோலிஸ்’ என்னும் நூல் வேறு வழி காட்டுகிறது: மனிதர் தம்முடன் வாழப் பழக்கிய விலங்குகளைச் சமூகத்தின் குடிகளாகவே கொள்ளவேண்டும் என்றும், பிறரைச் சார்ந்து வாழும் உயிர் தன் விருப்பு வெறுப்புகளை உடலால் உணர்த்தும்போது அதை அறிந்து நடப்பவர் உடனிருந்தால் அவ்வுயிரும் தன் வாழ்வைத் தானே நடத்துவதில் பங்கு பெறுகிறது என்றும் அந்நூல் வாதிடுகிறது. பூனையைப் பொறுத்தவரை இக்கருத்தே உண்மைக்கு நெருக்கமானது.

தனித்து வேட்டையாடும் காட்டுப்பூனையின் வழிவந்த வீட்டுப்பூனை, கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் கன்னத்தைத் தேய்த்துத் தன் மணத்தைப் பதித்தே ஓர் இடத்தைத் தனதாக்கிக்கொள்கிறது. ஆகவே குட்டியின் மணம் அவ்விடத்தில் கலப்பதே அதற்கு முதல் இடையூறு. குட்டியை வேறு அறையில் வைத்து, அதன் கன்னத்தில் தேய்த்த துணியை மூத்த பூனை படுக்கும் இடத்தருகே போட்டால், அது முகர்ந்து பார்த்து, காதுகளைப் பின்னோக்கி மடக்கி, சீறிவிட்டு விலகும். இது ஒரு விடை. சில நாள் கழித்து அதே துணியைக் கண்டும் காணாததுபோல் கடந்து சென்றால் அதுவும் விடைதான். பின்னர் மூடிய கதவின் இருபுறமும் உணவு வைக்கும்போது, அது தின்றால் கிண்ணத்தைக் கதவருகே சற்று நகர்த்துவதும், தின்னாமல் போனால் பின்னுக்கு இழுப்பதும், அதன்பிறகே வலைத்தடுப்பின் வழியாக ஒன்றையொன்று காணவிடுவதும் அனுபவமுள்ளோர் கைக்கொள்ளும் முறை. இங்கு வேகத்தை முடிவு செய்வது மூத்த பூனையே. இப்பொறுமையைக் கருணை என்று புகழ்வது வழக்கம். அதை நீதி என்பதே பொருந்தும், ஏனெனில் பூனையின் மறுப்புக்கு இங்கே ஒரு பயன் விளைகிறது.

இரண்டையும் ஓர் அறையில் விட்டால் சண்டையிட்டுத் தாமே சமாதானமாகிவிடும் என்று சொல்வோர் உண்டு. பூனைகள் பூசலைத் தவிர்ப்பது பெரும்பாலும் விலகிப்போவதன் மூலமே. மூடிய அறை அந்த வழியையே பறித்துவிடுகிறது. பூனையை அடைத்துவைத்து, உணவும் தராமல், அது தானே இரைதேடவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானாள் என்னும் நபிமொழி, இஸ்லாமிய மரபின் முதன்மைத் தொகுப்புகளான புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஓர் உயிரின் வழிகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டவர் அவ்வழிகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதிலிருந்து பெறத்தக்க பொருள்.

குட்டிக்கும் உரிமை உண்டு; அதுவும் கேட்டு வரவில்லை. எனினும் அதன் ஆட்ட ஆசையை மனிதர் விளையாட்டுக் காட்டித் தணிக்க முடியும். மூட்டுவலியுள்ள முதிய பூனையின் முதுகில் அது பாய்வதைத் தடுக்கவும் அவர்களே வேண்டும். உயரமான ஒதுங்கிடமும், பூனைக்கு ஒன்று வீதமும் கூடுதலாக ஒன்றுமாகக் கழிவுக்கான மணல் தட்டுகளும் இருப்பது நெருக்கடியைக் குறைக்கும்.

இவ்வளவு செய்தும் மாதங்கள் கடந்தபின் மூத்த பூனை சரியாக உண்ணாமல் கட்டிலடியிலேயே பதுங்கியிருந்து, நோய் ஏதுமில்லை என்று கால்நடை மருத்துவரும் உறுதிசெய்தால், அது தன் விடையைச் சொல்லிவிட்டது. அப்போது வீட்டை இரண்டாகப் பிரித்து வாழவைக்க வேண்டும்; அதற்கு இடமில்லையெனில் குட்டிக்கு வேறு நல்ல வீடு தேடித் தருவதே முறை.