மறதி இல்லாத கடல்

அலபாஸ்டா அரண்மனைக் காவலர் பெல், வல்லூறாக உருமாறத் தெரிந்தவர். ஊரையே அழிக்கவிருந்த வெடிகுண்டைப் பற்றிக்கொண்டு வானில் ஏறுகிறார். உச்சியில் குண்டு வெடிக்கிறது. 'ஒன் பீஸ்' படித்த யாரும் அந்தப் பக்கங்களைச் சும்மா புரட்டியிருக்க மாட்டார்கள். சில அத்தியாயங்கள் போனதும், அதே பெல் உடம்பெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு தன் கல்லறைக்கு முன்னால் வந்து நிற்கிறார். எப்படிப் பிழைத்தாராம்? கதை அதைப் பற்றி அலட்டிக்கொள்வதே இல்லை. அந்தக் காட்சியை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

எய்ச்சிரோ ஓடா 1997-இல் ஷோனென் ஜம்ப் வார இதழில் இந்த ஜப்பானியச் சித்திரக்கதையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 22. ஐந்தாண்டில் முடித்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. கால் நூற்றாண்டு கடந்து, 100 தொகுதிகளும் கடந்து, கதாநாயகன், வைக்கோல் தொப்பிக்காரன் லூஃபி இன்னும் கடலில்தான் இருக்கிறான். இழுக்கிறார் என்று சலித்துக்கொள்வது எளிது. ஆனால் பெல்லின் கதை நடந்தபோது தொடர் இளமையாகத்தான் இருந்தது. கோளாறு நீளத்தால் வந்ததல்ல.

இந்தக் கதையில் யார் எப்போது சாகிறார்கள் என்று பார்த்தால் ஒரு விசித்திரம் பிடிபடும். லூஃபியின் கப்பல் தோழி நாமியை வளர்த்த பெல்மேர், இன்னொரு தோழன் சாப்பருக்குத் தகப்பனாக இருந்த ஹிலுலுக், சிறுவன் லாவைக் காப்பாற்றிய கொராசோன், எல்லோரும் இறந்தது பழைய நினைவுகளில். கடந்த காலத்தில் சாவு ஈவிரக்கமில்லாமல் வருகிறது. நிகழ்காலத்துக்குள் நுழைந்தால் மட்டும் அதற்குக் கை நடுங்குகிறது. லூஃபியின் அண்ணன் ஏஸ், வெண்தாடிக் கிழவர் என்று விதிவிலக்குகள் உண்டு. ஏஸ் விழுந்தபோது வாசகர்கள் அதிர்ந்ததற்குப் பாதிக் காரணம், ஓடா அதைச் செய்வார் என்று யாரும் நம்பாததுதான்.

ஏன் இப்படி? ஓடாவின் உலகில் பெரிய பாவம் கொலையல்ல, மறக்கடித்தல். ஒரு நூற்றாண்டு வரலாற்றையே உலக அரசு துடைத்துவிட்டிருக்கிறது. அதைத் தேடிப் படித்த குற்றத்துக்காக ஓஹாரா தீவை நூலகத்தோடு எரிக்கிறது. தப்பிப் பிழைத்த சிறுமி ராபின் அந்த நினைவைச் சுமந்து திரிகிறாள். ஹிலுலுக்கும் சாவை மறதியோடுதான் முடிச்சுப் போடுகிறார். இப்படி நம்புகிற படைப்பாளி தன் பாத்திரங்களில் ஒருவரையாவது எப்படி மறப்பார்? தொடக்கத்தில் சிரிப்புக்காக வந்து உதைபட்டுப் போன கோமாளி பகி, ஆயிரம் அத்தியாயம் தாண்டிக் கடற்பேரரசர்களில் ஒருவனாகிறான். தோற்றுப்போன வில்லன்கள் அடுத்து என்ன ஆனார்கள் என்பதை அத்தியாயங்களின் முகப்புப் படங்களிலேயே தனிக்கதையாகச் சொல்லி வருகிறார். வேறு எந்தத் தொடரிலும் உதிரிப் பாத்திரங்களுக்கு இத்தனை மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

அதற்கு விலை உண்டு. டிரெஸ்ரோசா என்ற கதைப்பகுதி 100 அத்தியாயங்களைத் தாண்டியது. 2018-இல் தொடங்கிய வானோ பகுதி 2022 வரை நீண்டது. யாரையும் விடக் கூடாது என்று ஊர்ப்பட்ட உறவுப் பெயர்களை அடைத்த கல்யாணப் பத்திரிகை மாதிரி, கட்டங்களுக்குள் தலைகள் முட்டிக்கொள்கின்றன. தொடக்க காலத்துப் பக்கங்களில் வெறும் கடலும் வானமும் இருந்தன. கண் அங்கே இளைப்பாறும். இப்போது ஒரு சண்டையில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் கூட்டத்தில் முதலில் ஓரங்கட்டப்படுவது லூஃபியின் சொந்தக் கப்பல்காரர்கள்தான். யாரையும் மறக்காதவர் உசோப்பையும் சாப்பரையும் எத்தனை அத்தியாயங்களுக்கு மூலையில் உட்கார வைத்திருக்கிறார்!

நிகழ்காலச் சாவுகளில் அவர் தயங்காமல் முழுமையாக வரைந்தது ஒன்று உண்டு. செத்தது மனிதரல்ல, கோயிங் மெர்ரி என்ற கப்பல். அடிமரம் முறிந்துவிட்டது, இனி தேறாது என்று கப்பல் கட்டுகிறவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அதை ஏற்க முடியாமல் உசோப் லூஃபியோடு மோதிப் பிரிந்துபோகிறான். கடைசியில் அந்தக் கப்பலே ஆளில்லாமல் வந்து இவர்களைக் காப்பாற்றி, நடுக்கடலில் இரண்டாகப் பிளக்கிறது. லூஃபி தன் கையால் தீ வைக்கிறான். மெர்ரி திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்ததால்தான் அது மனத்தில் தங்கியது. பெல் திரும்பி வந்ததால் அவருடைய தியாகமே மறந்துபோனது. இழந்தால்தான் நினைவு என்று ஒன்று இருக்க முடியும். இல்லாவிட்டால் அது வெறும் வருகைப் பதிவேடு. தன் பிளாஷ்பேக்குகளில் இதை ஓடா அவ்வளவு நன்றாக அறிந்திருக்கிறார்.

இழப்பும் நினைவும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் லாபூன் என்ற திமிங்கிலத்தின் கதை. 1999-இல் வந்த அத்தியாயங்களில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தன்னை விட்டுப்போன கடற்கொள்ளையர்களுக்காகக் காத்து, மலையில் தலையை மோதிக்கொண்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் மிஞ்சிய ஒருவர் 2007-இல்தான் வெளிப்படுகிறார்: எலும்புக்கூடு புரூக். தோழர்கள் விஷத்தில் ஒவ்வொருவராகச் சாய்ந்தபடி பாடிய பாட்டை ஒரு சங்கில் பதிந்து, தன் மண்டையோட்டுக்குள் வைத்திருக்கிறார். அதைத் திமிங்கிலத்திடம் சேர்க்க வேண்டும். புரூக்கும் செத்துப் பிழைத்தவர்தான். ஆனால் அவரிடம் சதையும் மிச்சமில்லை, தோழர்களும் மிச்சமில்லை. பிழைத்ததற்கு இந்த மனிதர் கணக்குக் கொடுத்திருக்கிறார்.

வாசகர்கள் அந்தச் சந்திப்புக்காகக் காத்திருப்பது, லாபூன் துள்ளுவதைப் பார்க்க. வரைய வேண்டியவருக்குக் கடினமாக இருக்கப்போவது வேறு கட்டம்: மற்றவர்கள் ஏன் வரவில்லை என்பதை புரூக் அதனிடம் சொல்ல வேண்டும்.