நான்காம் வார்டின் உறவுகள்

2011 மார்ச் 7 அன்று, அருணா ஷான்பாக்கைச் சாகவிட வேண்டும் என்று கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. செய்தி வந்ததும் மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர்கள் இனிப்பு வழங்கிக் கொண்டாடினார்கள். மனு போட்டவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் அல்ல. 1998-இல் அருணாவின் கதையைப் புத்தகமாக எழுதி நாடறியச் செய்த பத்திரிகையாளர் பிங்கி விரானிதான் அவர். இந்தப் பெண் பட்டது போதும் என்பது விரானியின் இரக்கம். இவள் எங்களுடன் இருக்கட்டும் என்பது செவிலியர்களின் இரக்கம்.

அருணாவும் செவிலியர்தான். கர்நாடகத்தின் ஹல்திபூரிலிருந்து வந்து அதே மருத்துவமனையில் வேலை பார்த்தவர். 1973 நவம்பர் 27 அன்று, பணி முடிந்து உடை மாற்றப் போன இடத்தில், துப்புரவுப் பணியாளன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கி வன்கொடுமை செய்தான். மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் பார்வையும் பேச்சும் போயின. அப்போது வயது 25. குற்றவாளிக்குக் கொலை முயற்சிக்கும் கொள்ளைக்கும் சேர்த்து ஏழே ஆண்டுகள். பாலியல் குற்றம் வழக்கிலேயே இல்லை. பாதுகாப்புக் கேட்டு மும்பைச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சொந்தபந்தங்களின் வரத்து காலப்போக்கில் நின்றுபோனது. நான்காம் வார்டை ஒட்டிய சிறிய அறையே அருணாவுக்கு வீடானது. 1980-களில் கட்டிலைக் காலி செய்ய மாநகராட்சி முயன்றபோது செவிலியர்கள் போராட்டத்தில் இறங்கித் தடுத்தார்கள்.

தீர்ப்பு எழுதிய நீதிபதிகளை வியக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. இத்தனை ஆண்டுகளில் அருணாவுக்குப் படுக்கைப்புண் வரவில்லை. வார்டு வேலை தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். தானாகப் புரள முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் எங்கேனும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் உடனே துடைக்க வேண்டும். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அது தோலை அறுக்கும். ஒரு ராத்திரி டியூட்டியில் ஒருவர் அசட்டையாக இருந்தால் போதும், புண் வந்துவிடும். ஓய்வு பெற்றவர் போக, அருணா நடமாடியதைப் பார்த்தேயிராத சின்னப் பெண்கள் வந்து அதே வேலையைத் தொடர்ந்தார்கள். ஜூன் 1 அன்று அவருடைய பிறந்தநாளையும் கொண்டாடினார்கள்.

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநயத்தில் ஒரு சம்பவம் வருகிறது. வயிற்றுப்போக்கில் விழுந்த துறவி ஒருவர் தன் கழிவிலேயே கிடக்கிறார். சக துறவிகள் யாரும் கவனிக்கவில்லை. அவரால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். புத்தர் தன் சீடர் ஆனந்தருடன் சேர்ந்து அவரைக் கழுவிக் கட்டிலில் கிடத்துகிறார். வீட்டைத் துறந்து வந்த உங்களுக்கு இங்கே தாயும் தகப்பனும் இல்லை, நீங்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள் என்று மற்றவர்களைக் கேட்கிறார். ஊரை விட்டு வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கும் செவிலியர்களுக்கு இந்தக் கேள்வியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அருணாவால் அவர்களுக்குப் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? அந்தக் கட்டிலில் கிடந்தது நாளை தங்களுக்கும் நேரக்கூடியது. அவரைக் கைவிடாத இடம் தங்களையும் கைவிடாது என்ற தைரியம் அங்கிருந்து கிடைத்திருக்கும். அப்படியானால் அந்த உயிர் அவருக்காகக் காக்கப்பட்டதா, காத்தவர்களின் ஒற்றுமைக்காகவா? பக்கத்து வார்டில் கிடக்கும் பெயர் தெரியாத அநாதைக்கு இதே 42 ஆண்டுப் பணிவிடை கிடைத்திருக்குமா? சங்கடமான கேள்விகள்தான். இருந்தாலும், கலப்படமே இல்லாத அன்பைத்தான் அன்பு என்று ஒப்புக்கொள்வோம் என்றால் தாயன்பும் தேறாது.

கடினமான இடம் வேறு. நீதிமன்றம் அனுப்பிய மூன்று மருத்துவர்களின் அறிக்கையில் சில சின்ன விவரங்கள் உண்டு. மீன் சூப்பும் கோழி சூப்பும் அருணாவுக்குப் பிடிக்கும். இயற்கை உபாதை வந்தால் ஒருவிதமாகச் சத்தம் எழுப்புவார், செவிலியர்கள் புரிந்துகொள்வார்கள். 2010 செப்டம்பரில் மலேரியா வரும்வரை வாய் வழியாகவே சாப்பிட்டார், பிறகுதான் மூக்கு வழியே குழாய். செவிலியர்கள் இதில் வாழும் ஆசையைக் கண்டார்கள். விரானி தரப்போ, சுரணையே இல்லாத உடலை இழுத்துப் பிடித்து வைத்திருப்பதாகவே பார்த்தது. தினமும் கூட இருப்பவருக்கு வெளியாள் காதில் விழாத குறிப்புகள் விழும். கேட்க விரும்பியது மட்டுமே விழவும் கூடும். அருணாவின் விருப்பம் என்ன என்று இருதரப்பும் பேசின. அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை.

அதனால் நீதிமன்றம் எது சரி என்பதோடு நிற்காமல், யார் சொல்ல வேண்டும் என்றும் கேட்டது. அவர் சார்பில் பேசும் உரிமை விரானிக்கு அல்ல, கே.இ.எம். ஊழியர்களுக்கே என்றது. அவர்கள் பின்னாளில் மனம் மாறினால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் வழிவிட்டது. உயிர்காக்கும் சிகிச்சையை நிபந்தனைகளோடு நிறுத்த இந்தியாவில் அனுமதி பிறந்ததும் இதே தீர்ப்பில்தான். 2018-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலையும் ஏற்றுக்கொண்டது. ரத்த உறவு, கொள்கை இரண்டையும் தாண்டிப் பணிவிடை செய்த கைகளுக்கு நீதிமன்றம் முதலிடம் தந்தது நியாயமாகவே படுகிறது. விரிப்பை மாற்றாதவர் முடிவை மட்டும் எடுப்பது எப்படிச் சரியாகும்? உயர் நீதிமன்றத்தை அணுகும் அந்த வழியைச் செவிலியர்கள் கடைசிவரை பயன்படுத்தவில்லை.

2015 மே 18 அன்று நிமோனியாவில் அருணா இறந்தார். அப்போது உறவினர்கள் உடலைக் கேட்டு வந்தார்கள். இத்தனை காலம் எங்கே இருந்தீர்கள் என்று செவிலியர்கள் கொதித்தார்கள். பேசித் தீர்த்து, கொள்ளி வைக்கும் உரிமையை மருத்துவமனை டீனுக்கும் அருணாவின் சகோதரி மகனுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் ஆண்கள். ஒருவர் பதவியால் வந்தவர், மற்றவர் ரத்தத்தால் வந்தவர்.