வாராத நோய்க்குக் கூலி தருவது யார்?

தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தொட்டதும் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடுகிறது. அக்காலத்தில் ஐந்தருவியை நாடி வராத ஊரார் தென்பாண்டி நாட்டில் அரியர். ஐந்து கிளையாக விழும் அந்நீரின் கீழ் நிற்பவர் மேலிருந்து வரும் நீரையே காண்கிறார். தம் மேனியைக் கழுவி இறங்கும் நீர் எங்கே செல்கிறது என்று எண்ணுவோர் சிலரே. அது சிற்றாற்றோடு சேர்ந்து, தென்காசியைக் கடந்து, பின்னர் தாமிரபரணியில் கலக்கிறது. அருவியில் எண்ணெயும் சோப்பும் கூடாது என்று தடை விதித்திருப்பதன் பொருள், கீழேயும் மனிதர் வாழ்கின்றனர் என்பதே. இவ்வாறு கீழே இருப்பவரை நினைக்கும் அறிவே பொதுச் சுகாதாரம் எனப்படுகிறது.

அவ்வறிவை இன்று பல்கலைக்கழகங்கள் எம்.பி.எச். என்னும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டமாகக் கற்பிக்கின்றன. மருத்துவர் மட்டுமன்றி, செவிலியர், பல் மருத்துவர், மருந்தாளுநர் ஆகியோரும் இதில் சேரலாம். நம் குடும்பங்களில் ஒரு மகளோ மகனோ இப்படிப்பை விரும்பும்போது, வாப்பா கேட்கும் கேள்வி ஒன்றே: “இவ்வளவு செலவழித்துப் படித்தால் பிறகு என்ன கிடைக்கும்?”

இக்கேள்வியைப் பொருளாசை என்று ஒதுக்குதல் முறையன்று. கட்டணமாகச் செல்லும் பணம் பெரும்பாலும் வளைகுடாவில் சிந்திய வியர்வை. அல்லது உம்மாவின் கழுத்திலிருந்து இறங்கிய நகை. ஆகவே கணக்கை நேர்மையாகப் பார்ப்போம்.

பொதுச் சுகாதாரத்திற்கென 1939ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றிய பெருமை அன்றைய சென்னை மாகாணத்திற்கு உண்டு. அதற்கெனத் தனி இயக்ககமும் தமிழ்நாட்டில் இயங்குகிறது. ஆயினும் அத்துறையின் சுகாதார அலுவலர் பதவி, மருத்துவப் பட்டத்தோடு பொதுச் சுகாதாரத் தகுதியும் பெற்றோர்க்கே உரியது. சுகாதார ஆய்வாளர் பணிக்கோ மேனிலைக் கல்விக்குப் பின் இரண்டாண்டுப் பயிற்சி போதும். எம்.பி.எச். பெற்ற செவிலியரோ பல் மருத்துவரோ இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கிறார். அவருக்கு வாய்ப்பவை பெரும்பாலும் ஆய்வு நிலையங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் அரசுத் திட்டங்களிலும் உள்ள ஒப்பந்தப் பணிகளே. திட்டம் முடிந்தால் பணியும் முடியும். அமெரிக்காவில் படிப்பதெனில் செலவு பல பத்து லட்சங்களைத் தாண்டும். அங்கிருந்து வரும் நிதியும் நிலையானதன்று. அந்நாட்டு அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டு 2025இல் மூடப்பட்டபோது, பல நாடுகளில் சுகாதாரப் பணியாளர்கள் வேலையிழந்தனர்.

எனவே, வீட்டை அடகு வைத்து இப்பட்டத்தைப் பெறுமாறு நாம் எவருக்கும் கூறமாட்டோம். முதலில் அரசு நிறுவனங்களின் கதவைத் தட்டலாம். மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தைச் சார்ந்த அச்சுத மேனன் மையம் உள்ளது. சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிலையம் உள்ளது. கட்டணம் எவ்வளவு, முன்னர் பயின்றவர் இன்று எங்கே பணிபுரிகின்றனர் என்று கேட்டறிந்த பின்னரே தனியார் பல்கலைக்கழகத்தை நாடுதல் நன்று. செவிலியர் பட்டம் பெற்றவர் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுச் சேர்வாராயின், ஒப்பந்தம் முடியும் நாளில் முதல் தொழில் கைகொடுக்கும்.

குடும்பக் கணக்கு இத்துடன் முடியலாம். ஊரின் கணக்கு முடியவில்லை. தென்காசிக்கு வடக்கே உள்ள கடையநல்லூரில் 2012ஆம் ஆண்டு டெங்குக் காய்ச்சல் பரவிப் பல உயிர்களைக் கொண்டுபோனது. டெங்குக் கிருமியைக் கொல்லும் மருந்து இன்றும் நடைமுறையில் இல்லை. உடலின் நீர்ச்சத்துக் குறையாமல் காப்பதே சிகிச்சை. அதைப் பரப்பும் கொசுவோ சாக்கடையில் அன்று, நாம் மூடாமல் வைத்த நல்ல தண்ணீரில் வளர்கிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். தண்ணீர் வற்றினாலும் தொட்டியின் சுவரில் ஒட்டிய முட்டை பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகையால் வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவ வேண்டும். குழாய் நீர் சில நாட்களுக்கு ஒருமுறை வரும் ஊரில், சேமித்த நீரைக் கொட்டு என்பது எளிய சொல்லன்று. எத்தெருவில் காய்ச்சல் மிகுகிறது என்று எண்ணிக் கணக்கிடவும், வீடு வீடாகச் சென்று பேசி இணங்க வைக்கவும் பயின்றவர் வேண்டும்.

நோயைத் தீர்த்த மருத்துவரிடம் நன்றி கூற மக்கள் பழத்தோடு செல்கின்றனர். நோயைத் தடுத்தவரிடம் எவரும் செல்வதில்லை; தமக்கு வரவிருந்தது எது என்று எவரும் அறியார் அன்றோ? வாராத நோய்க்குச் சந்தையில் விலையில்லை. இப்பட்டத்தின் ஊதியம் மெலிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இச்சிக்கல் புதியதன்று. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என்று வகுக்கிறார்கள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம்களுள் மருத்துவர் ஒருவரும் இல்லாதிருக்க, கற்போர் அனைவரும் ஃபிக்ஹுச் சட்டக்கலையை நோக்கியே திரள்வதைக் கண்டு வருந்துகிறார்கள். வக்ஃபுச் சொத்தின் நிர்வாகத்தையும் காஜி பதவியையும் மருத்துவம் பெற்றுத் தராது என்பதே அதற்குக் காரணம் எனச் சுட்டுகிறார்கள். ஊதியம் எங்கே உண்டோ அங்கே கல்வி சாய்கிறது என்பதை ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் கண்டார்கள்.

ஃபர்ளு கிஃபாயா என்பதை ஜனாஸாத் தொழுகையைக் கொண்டு நாம் நன்கறிவோம். சிலர் நிறைவேற்றினால் அனைவர் கடமையும் நீங்கும். எவரும் நிறைவேற்றாவிடில் அனைவரும் குற்றவாளிகள். கடமை ஊருக்குரியதாயின், அதன் செலவு மட்டும் ஒரு வீட்டுக்குரியதாவது எங்ஙனம்?

“பணம் வராவிட்டாலும் நன்மை கிடைக்கும்” என்று பிள்ளையிடம் கூறிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது. தியாகம் ஒருவர் தாமே முன்வந்து செய்வது. பிறர்மீது சுமத்துவதற்குப் பெயர் வேறு. பெண்பிள்ளை என்றால் “சம்பளம் எதற்கு?” என்று கேட்பதும் அத்தகைய சுமத்தலே.

நம் ஊர்களில் கல்வி உதவி வழங்குவோர் மருத்துவம், பொறியியல் என்னும் பெயர்களுக்கே முதலில் செவிசாய்ப்பது வழக்கம். அப்பட்டியலில் இப்படிப்பையும் சேர்க்க வேண்டும். ஒரு வட்டாரத்து ஜமாஅத்துகள் ஒன்றுகூடி ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் கட்டணத்தை ஏற்கலாம். படித்து வந்தபின் சில ஆண்டுகள் தம் வட்டாரத்திலேயே பணிபுரியக் கேட்கலாம். அப்பணிக்குரிய ஊதியத்தையும் தாமே வழங்கலாம். அப்போது “என்ன கிடைக்கும்?” என்ற வாப்பாவின் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு அவர் ஒருவருடையதாக இராது. அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதனை எடுத்துப் பேசுவோமாக.